மோட்டார்வேயை விட்டுப் பத்து நிமிடம்: நெடும்பயணத்தில் கண்ட்ரி பார்க்கில் இளைப்பாறுவது எப்படி?

இங்கிலாந்துக்கு வந்து ஒரு பழைய காரும் வாங்கியாகிவிட்டது. ஊர் லைசென்ஸை வைத்து ஓட்ட அனுமதி உள்ள முதல் 12 மாதத்தில் இருக்கிறீர்கள், அல்லது டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டி இந்த ஊர் லைசென்ஸே வாங்கிவிட்டீர்கள். அடுத்து வருவது முதல் நீண்ட பயணம். பர்மிங்காம் பக்கம் டிவிடேல் பாலாஜி கோயில், லீட்ஸில் இருக்கும் சித்தப்பா வீடு, துணிச்சல் அதிகமென்றால் ஸ்காட்லாந்து. கிளம்பியதும் வருகிற கேள்வி, எங்கே நிறுத்துவது?

மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் எல்லோரும் நிறுத்துவது சர்வீஸ் என்ற சாலையோர ஓய்வு நிலையத்தில்தான். பெட்ரோல், பர்கர், காபி, கழிப்பறை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 24 மணி நேரமும் திறந்திருக்கும், முதல் 2 மணி நேரத்துக்கு பார்க்கிங்கும் இலவசம். ஆனால் அங்கே இறங்கி என்ன செய்கிறோம்? கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய், வரிசையில் நின்று, விலையைப் பார்த்து மூச்சை இழுத்து, சத்தத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு மறுபடி காருக்குள் வருகிறோம். முதுகும் நிமிராது, கண்ணும் ஆறாது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை அங்கே மேசையில் விரிக்கக் கூச்சம். காருக்குள்ளேயே சாப்பிட்டு, சீட்டெல்லாம் மஞ்சளாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

இதற்கு மாற்று, ஜங்ஷனில், அதாவது மோட்டார்வேயை விட்டு வெளியேறும் எண் போட்ட சந்திப்பில், இறங்கிப் பத்து நிமிடத்தில் போகக்கூடிய கண்ட்ரி பார்க். நாலைந்து வருடமாக எங்கள் வீட்டுப் பயணங்கள் இப்படித்தான் போகின்றன. கொஞ்சம் முன்யோசனை வேண்டும். அது இல்லாமல் போய் நான் மாட்டிக்கொண்ட கதைகளும் கீழே வரும்.

கண்ட்ரி பார்க் என்றால் என்ன

பூங்கா என்றதும் பூச்செடியும் சிமெண்ட் பெஞ்சும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இது வேறு. ஏரி, காடு, புல்மேடு என்று நூற்றுக்கணக்கான ஏக்கரில் கிடக்கும் இடம். நடக்கப் பாதை இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்கும், பெரும்பாலும் கழிப்பறை இருக்கும், பல இடங்களில் சின்னதாக ஒரு கஃபேயும் இருக்கும். மாவட்ட கவுன்சில்களும் அறக்கட்டளைகளும் நடத்துகின்றன. நடந்து உள்ளே போகப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தத்தான் காசு.

இவை பிறந்ததே கார்க்காரர்களுக்காகத்தான். 1960-களில் வீட்டுக்கு வீடு கார் வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நகரமே கிளம்பிக் கிராமப்புறங்களுக்குப் போய் வயலோரம், மலையோரம் எல்லாம் வண்டியை நிறுத்தியது. தொலைவான அழகிய இடங்கள் தாங்காது என்று நகரங்களுக்குப் பக்கத்திலேயே மக்கள் காரில் வந்து இறங்க இடம் அமைத்துக் கொடுத்தார்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1968-இல் வந்த கண்ட்ரிசைட் சட்டம் இதற்கு வழி செய்தது. ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு வருடம் முன்பே சட்டம் வந்துவிட்டது. ஆகவே காரில் வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறோமே என்று சங்கடப்பட வேண்டாம்.

இன்னொன்று, இவற்றில் பல முன்னாள் சுரங்கங்கள், கல் தோண்டிய குழிகள். தோண்டி முடித்த பள்ளத்தில் தண்ணீர் விட்டு ஏரியாக்கி, சுற்றி மரம் நட்டிருக்கிறார்கள். மோட்டார்வேக்குப் பக்கத்தில் இத்தனை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுரங்கமும் தொழிற்சாலையும் இருந்த பக்கமாகத்தானே பெரிய சாலைகளும் போயின.

முதல் வேலை: வீட்டில், முந்தின நாள் இரவு

இந்த நாட்டின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடில் 91-ஆவது விதி, 2 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது 15 நிமிடமாவது நிறுத்தச் சொல்கிறது. லைசென்ஸ் டெஸ்டுக்குப் படித்ததோடு பலர் அதை மறந்துவிடுகிறோம். நம் ஆட்களுக்கு 'ஒரே மூச்சில் நாலரை மணி நேரத்தில் போயிட்டேன்' என்று சொல்வதில் ஒரு பெருமை வேறு.

மேப்பைத் திறந்து, கிளம்பும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எந்த ஜங்ஷன் வருகிறது என்று பாருங்கள். 2 மணி நேரத்துக்குப் பார்க்க வேண்டாம். நெரிசலில் அரை மணி நேரம் தானாகப் போய்விடும். அந்த ஜங்ஷனைச் சுற்றிப் பெரிதாக்கி, கண்ட்ரி பார்க் என்று தேடுங்கள். கிடைத்த இடத்துக்கு ஜங்ஷனிலிருந்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள், எத்தனை மைல் என்று பார்க்காதீர்கள். கிராமத்துச் சாலையில் 4 மைல் 7 நிமிடமும் ஆகும், 15 நிமிடமும் ஆகும். என் கணக்கு 10 நிமிடம். அதற்கு மேல் போனால் போக வர அரை மணி நேரம் தின்றுவிடும், பின்சீட்டிலிருந்து கேள்விகளும் எழும்.

லங்காஷயரில் எம்6 சாலைக்குப் பக்கத்தில் பீக்கன் ஃபெல் என்று ஒரு மலைப் பூங்கா இருக்கிறது. அருமையான இடம். ஆனால் மோட்டார்வேயிலிருந்து வளைந்து வளைந்து போகும் சின்னச் சாலை, என் 10 நிமிடக் கணக்கில் அடங்காது. அதற்கென்று ஒரு நாள் போக வேண்டியதுதான்.

இடம் தேர்ந்ததும் அந்தப் பூங்காவின் இணையப் பக்கத்தில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? பல இடங்களில் இருட்டியதும் பூட்டிவிடுவார்கள். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒரே பூங்காவுக்கு மாதத்துக்கு ஒரு நேரம் போட்டிருப்பார்கள்.

கழிப்பறை எப்போது திறந்திருக்கும்? இது கேட் நேரத்திலிருந்து வேறுபடும். கஃபேயோடு சேர்ந்து திறந்து, கஃபேயோடு மூடும் கழிப்பறைகள் உண்டு. குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

கார் நிறுத்தக் கட்டணம் எவ்வளவு, எப்படிக் கட்டுவது? நாணயமா, கார்டா, ஆப்பா?

கடைசியாக, உயரத் தடுப்பு இருக்கிறதா? பல கார் பார்க்குகளின் வாசலில் சுமார் 2 மீட்டர் உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி குறுக்கே இருக்கும். காருக்கு மேல் லக்கேஜ் பெட்டி வைத்திருந்தால், முட்டிய பிறகுதான் அது இருப்பதே நினைவுக்கு வரும்.

சனிக்கிழமை காலை என்றால் இன்னும் ஒன்று. பல பூங்காக்களில் பார்க்ரன் என்ற 5 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். இங்கிலாந்தில் காலை 9 மணிக்கு, ஸ்காட்லாந்தில் 9.30-க்கு. ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பே கார் பார்க் நிரம்பிவிடும். பதினொன்றுக்கு மேல் போனால் பிரச்சினை இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, அதே திசையில் அடுத்து வரும் சர்வீஸ் எது என்றும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பூங்கா பூட்டியிருந்தால் அங்கே போக.

எந்தச் சாலையில் எங்கே

எல்லாவற்றையும் பட்டியல் போட முடியாது. நான் நம்பிப் போகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

எம்1 மோட்டார்வேயில் லண்டனிலிருந்து வடக்கே போகும்போது 14-ஆவது ஜங்ஷன் மில்டன் கீன்ஸ். அங்கிருந்து சில ரவுண்டபவுட் (ரவுண்டானா) தாண்டினால் வில்லன் ஏரி. பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாதுவான ஏரிதான். ஏரியைச் சுற்றி நடைபாதை. வடக்குப் பக்க ஏரிக்கரையில் வெள்ளை வெளேரென்று ஒரு புத்த விகாரக் கோபுரம் நிற்கும். ஜப்பானிய பௌத்தத் துறவிகள் 1980-இல் கட்டி முடித்த அமைதிக் கோபுரம், மேற்கு நாடுகளில் இந்த வகையில் முதலாவது. லண்டனின் வடமேற்கே ஹாரோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது ரொம்பச் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் தெற்கே டூட்டிங், குரோய்டன் பக்கமிருந்து லண்டன் நெரிசலைக் கடந்து வந்தால் இங்கே வரும்போதே 2 மணி நேரம் ஆகியிருக்கும்.

அதே சாலையில் 22-ஆவது ஜங்ஷனில் இறங்கினால் லெஸ்டருக்கு வெளியே பிராட்கேட் பார்க். எனக்குப் பிடித்ததில் முதலிடம் இதற்குத்தான். பாறைகள் துருத்திய குன்றுகள், நடுவே ஒரு சிற்றாறு, கூட்டம் கூட்டமாக மான்கள். 1928-இல் ஒருவர் இந்த நிலம் முழுவதையும் விலைக்கு வாங்கி, மக்கள் என்றென்றும் அனுபவிக்கட்டும் என்று கொடுத்துவிட்டார். உள்ளே இடிந்து நிற்கும் செங்கல் மாளிகை லேடி ஜேன் கிரேயின் குடும்ப வீடு. 1553-இல் ஒன்பது நாள் மட்டும் அரசியாக இருந்து, மறு வருடம் தலை வெட்டப்பட்ட பெண். அந்தத் துக்கத்தில் இங்குள்ள ஓக் மரங்களின் தலையையும் வெட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். மொட்டையாக, பருத்து, முண்டும் முடிச்சுமாக நிற்கும் அந்த மரங்களைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். ஒரே ஆபத்து, அரை மணி நேரத்துக்கு என்று போய் 2 மணி நேரம் இருந்துவிடுவீர்கள்.

இன்னும் வடக்கே 31-ஆவது ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ராதர் வேலி. திறந்தவெளி நிலக்கரி தோண்டிய இடம், 1983-இல் பூங்காவானது. பெரிய ஏரிகள், படகு விடுவார்கள். லீட்ஸ் போகிறவர்களுக்குச் சரியான இடைவெளியில் வரும்.

எம்40-இல் டிவிடேல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு 12-ஆவது ஜங்ஷன். மோட்டார் அருங்காட்சியகம் இருக்கும் கெய்டன் பக்கம் இறங்கி, சில நிமிடத்தில் பர்டன் டாசெட் குன்றுகள். ஒரு காலத்தில் இரும்புக்கல் தோண்டிய மேடு பள்ளங்கள்மேல் இப்போது புல் மூடியிருக்கிறது. உச்சியில் வட்டமான ஒரு கல் கோபுரம். நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. காற்று ஆளைத் தள்ளும், ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். நான் 10-ஆவது ஜங்ஷனில் உள்ள சர்வீஸில் கழிப்பறை வேலையை முடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே போவது வழக்கம்.

எம்5-இல் 4-ஆவது ஜங்ஷனில் வேஸ்லி ஹில்ஸ். மேட்டில் ஏறினால் ஒரு பக்கம் பர்மிங்காம் நகரம் முழுவதும் தெரியும். அந்த ஊருக்குள் ஓடும் ரே ஆறு இங்கேதான் ஊற்றெடுக்கிறது, ஆறு என்று சொல்லக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும். 7-ஆவது ஜங்ஷனில் வூஸ்டர் உட்ஸ், காட்டு நிழலில் குழந்தைகள் ஓட நல்ல இடம்.

ஏ1 வழியாக எடின்பரோ போகிறவர்களுக்குப் பீட்டர்பரோவில் ஃபெரி மெடோஸ். சரளைக்கல் எடுத்த குழிகள் ஏரிகளானவை. பக்கத்திலேயே நீராவி ரயில் ஓடும். மேலே போனால் வர்க்சாப் அருகே கிளம்பர் பார்க். அங்கே கிட்டத்தட்ட 2 மைல் நீளத்துக்கு இரு புறமும் லைம் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை. லைம் என்றதும் ஊறுகாய் நினைப்பு வர வேண்டாம், இதில் எலுமிச்சை காய்க்காது, இது வேறு மரம். இதை நடத்தும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையில் உறுப்பினர் என்றால் பார்க்கிங் காசு மிச்சம்.

எம்4-இல் ஸ்விண்டனுக்குப் பக்கம், 15-ஆவது ஜங்ஷனில் கோட் வாட்டர். ஏரிக்குள் 1935-இல் கட்டிய கான்கிரீட் டைவிங் மேடை, இப்போது யாரும் குதிக்க முடியாமல் பறவைகளுக்கு என்று விட்டாகிவிட்டது. போர்ட்ஸ்மத் போகும் ஏ3-இல் குவீன் எலிசபெத் கண்ட்ரி பார்க்குக்கு என்றே தனியாக இறங்கும் பாதை உண்டு, தேட வேண்டிய வேலையே இல்லை.

ஸ்காட்லாந்துக்குள் எம்74-இல் 5-ஆவது ஜங்ஷனில் ஸ்ட்ராத்கிளைட் பார்க். கிளாஸ்கோவுக்குள் நுழையும் முன் கடைசியாகக் கால் நீட்ட ஏற்றது. அந்த ஏரி செயற்கை ஏரி. பாத்வெல்ஹா என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமம் இருந்த இடத்தின்மேல்தான் தண்ணீர் நிற்கிறது. 2014 காமன்வெல்த் விளையாட்டின் டிரையத்லான் போட்டி இங்கேதான் நடந்தது.

மோட்டார்வேயை விட்டு இறங்கும்போது

70 மைல் வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஸ்லிப் ரோடு என்ற வெளியேறும் இணைப்புச் சாலையில் இறங்கினால், 40-இல் போவதே தவழ்வது போல இருக்கும். கண் ஏமாற்றும், ஸ்பீடாமீட்டரைப் பாருங்கள். ரவுண்டபவுட்டில் அதிவேகமாக நுழைகிற தப்பு இங்கேதான் நடக்கிறது.

அதன் பிறகு பழுப்பு நிறப் பலகைகளைத் தேடுங்கள். சுற்றுலா இடங்களுக்குப் பழுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பலகை ஒரு பக்கம் சொல்லி, வழிகாட்டும் கருவியான சாட்நாவ் இன்னொரு பக்கம் சொன்னால் நான் பலகையைத்தான் நம்புவேன். இவ்வளவு பெரிய இடத்துக்கு ஒரே ஒரு போஸ்ட்கோடு. சாட்நாவ் சில சமயம் பின்பக்க விவசாயி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லும்.

கிராமத்துச் சாலையில் வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை வரும். நடுவே தடுப்பு இல்லாத சாலையில் அதற்கு 60 மைல்வரை அனுமதி என்று அர்த்தம், 60-இல் போயே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் இருக்கலாம், குதிரையில் யாராவது வரலாம். பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் படட்டும்.

பார்க்கிங்: என் ஓ-வும் பூஜ்யமும்

வண்டியை நிறுத்தியதும் நடக்கப் போகாதீர்கள். முதலில் கட்டணப் பலகையை முழுதாகப் படியுங்கள். சில இடங்களில் டிக்கெட் எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். சில இடங்களில் வாசலிலேயே கேமரா நம்பரைப் பிடித்துவிடும், கிளம்பும்போது கட்ட வேண்டும். சில இடங்களில் ஆப் மட்டும், ஆனால் பள்ளத்துக்குள் இருக்கும் ஏரிக்கரையில் போனில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. அதனால் ஆப்பை வீட்டிலேயே இறக்கி கார்டு விவரத்தையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரில் ஒரு சின்ன டப்பாவில் ஒரு பவுண்டு, 50 பென்ஸ், 20 பென்ஸ் நாணயங்கள் எப்போதும் இருக்கட்டும்.

ஒரு பூங்காவில் நான் ஒழுங்காகக் காசு போட்டேன். இயந்திரம் கார் நம்பர் கேட்டது, அடித்தேன். மழை தூறியது, மகள் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம். என் நம்பரில் ஆங்கில எழுத்து ஓ ஒன்றும், பக்கத்திலேயே பூஜ்யம் ஒன்றும் வரும். இரண்டையும் பூஜ்யமாக அடித்திருக்கிறேன். இயந்திரத்தைப் பொறுத்தவரை வேறொரு காருக்குக் காசு கட்டியிருக்கிறேன். நல்லவேளை, அந்தச் சீட்டு டேஷ்போர்டு பெட்டியில் பழைய பிஸ்கட் உறைக்கு அடியில் கிடந்தது. படம் எடுத்து மேல்முறையீடு அனுப்பினேன், ரத்து செய்தார்கள். அன்றிலிருந்து சீட்டு வந்ததும் அதையும் நம்பர் பிளேட்டையும் ஒரே படத்தில் பிடித்துக்கொள்கிறேன்.

பை, லேப்டாப் எதையும் வெளியே தெரியும்படி சீட்டில் விட வேண்டாம். டிக்கியில் வைப்பதென்றால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள், வந்து இறங்கி எல்லோரும் பார்க்க வைப்பதில் பயனில்லை.

அரை மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது

முதலில் கழிப்பறை. அப்புறம் நடை. சாப்பாடு அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் நடை நடக்காது, சாப்பிட்டதும் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுவோம். ஏரிக்கரையில் பத்து நிமிடம் ஒரு பக்கம் போய்த் திரும்பினால் இருபது நிமிடம். வேகமாக நடக்க வேண்டியதில்லை, தூரத்தைப் பார்த்தபடி நடந்தால் போதும். ஒன்றரை மணி நேரம் தார்ச் சாலையையும் பிரேக் விளக்கையும் பார்த்த கண்ணுக்கு அதுதான் மருந்து.

ஓட்டுகிறவர் பாதி வயிறு சாப்பிட்டால் போதும். தயிர்சாதமும் மாவடுவும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எம்40-இல் ஏறினால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். தூக்கம் வருவது போல இருந்தால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டை அலறவிடுவதும் வேலைக்கு ஆகாது. ஹைவே கோடு சொல்வது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு கப் காபி குடித்து, குறைந்தது 15 நிமிடம் தூங்குங்கள் என்று. காபியைக் குடித்த உடனே சீட்டைச் சாய்த்துக்கொள்ளுங்கள், அது வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் எழுந்துவிடலாம். மரத்தடியில் நிறுத்திய காரில் இந்தக் குட்டித் தூக்கம் சொர்க்கம். மோட்டார்வேயின் ஹார்டு ஷோல்டரில், அதாவது அவசரத்துக்கென்று விட்ட ஓரப் பாதையில், மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஓய்வுக்காக நிறுத்தக் கூடாது.

போன கோடையில் அம்மா திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் பர்டன் டாசெட்டில் நிறுத்தினோம். பெட்ஷீட்டை விரித்து, நாலு மூலைக்கும் செருப்பை வைத்து, டப்பாவைத் திறந்தோம். பெருங்காய வாசனைக்கோ என்னவோ, இருபது தப்படி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த செம்மறியாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு நிதானமாக நடந்து வந்து பெட்ஷீட்டின் ஓரத்தில் நின்றது. கறுப்பு முகம், அசையாத மஞ்சள் கண்.

"யாரோட ஆடுடா இது? மேய்க்க ஒரு ஆளையும் காணோமே?"

"இங்க அப்படித்தாம்மா. அதுபாட்டுக்கு மேயும்."

"அதுபாட்டுக்கா? வாயத் தொறந்து கேக்காத கொறைதான். பாரு, கண்ணெடுக்காம பாக்குது. ஒரு உருண்ட வச்சா என்ன?"

வைக்கக் கூடாது என்று சொல்வதற்குள் கையில் உருட்டிவிட்டார். நம் சாப்பாடு அதன் வயிற்றுக்கு ஆகாது, ஒன்றுக்கு வைத்தால் கூட்டமே வந்துவிடும் என்று புரியவைத்து, அந்த உருண்டையை நானே சாப்பிட வேண்டியதாயிற்று. மான், வாத்து, குதிரை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

தெரிந்திருக்க வேண்டிய சில

நாய்கள். பல பூங்காக்களில் கயிறு இல்லாமல் விட்டிருப்பார்கள். நம் குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள், நாய் விளையாட்டு என்று நினைத்துத் துரத்தும். கையை மார்போடு கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்லிக் கொடுங்கள். நாய்க்காரரிடம் குழந்தை பயப்படுகிறது என்று சத்தமாகச் சொன்னால் பெரும்பாலும் உடனே கூப்பிட்டுக் கட்டிவிடுவார்கள்.

நெட்டில் என்ற செடி பாதையோரமெல்லாம் இருக்கும். நம்மூர்ச் செந்தட்டியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டால் சுருக்கென்று எரிந்து தடிப்பு வரும், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பந்து புதருக்குள் போனால் பெரியவர்கள் முழுக்கால் சட்டையோடு போய் எடுப்பது நல்லது.

மான் இருக்கும் இடங்களில், முக்கியமாக உயரமான புல்லும் பெரணியும் உள்ள இடத்தில், உண்ணி இருக்கும். சில உண்ணிகள் கடித்து லைம் (Lyme) என்ற தொற்றுநோயைப் பரப்பும். பாதையிலேயே நடங்கள், சாயந்திரம் குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். மானிடமிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள், செல்ஃபிக்காக நெருங்க வேண்டாம்.

இந்த நாட்டில் மழை பெய்யாத நாளிலும் சேறு இருக்கும். டிக்கியில் ஆளுக்கு ஒரு பழைய ஷூ, ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், குப்பைக்கு ஒரு பை. சில பூங்காக்களில் குப்பைத் தொட்டியே இருக்காது, கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அடுப்பு, பார்பிக்யூ போன்றவற்றைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பதில்லை. ஃப்ளாஸ்க் இருக்கும்போது அது எதற்கு?

பூங்காவை விட்டுவிட வேண்டிய நேரங்கள்

இருட்டிவிட்டதா, சர்வீஸுக்கே போங்கள். தனியாக ஓட்டுகிறீர்கள், கார் பார்க்கில் வேறு யாருமே இல்லை, மனசுக்கு ஒப்பவில்லை என்றாலும் அப்படியே திரும்பிவிடுங்கள். பெட்ரோலோ சார்ஜோ குறைவாக இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், பூங்காவில் பங்க் கிடையாது. பின்சீட்டில் குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்து, உங்களுக்கும் களைப்பு இல்லையென்றால் அடுத்த ஜங்ஷனுக்குத் தள்ளிப் போடலாம், ஆனால் அந்த 2 மணி நேரக் கணக்கைத் தாண்டாமல்.

பூட்டும் நேரம் என்று மேலே சொன்னேனே, ஒரு நவம்பர் மாதம் அதைச் சட்டை செய்யாமல் ஒரு பூங்காவில் இருந்துவிட்டோம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, மனசு இன்னும் பழைய நேரத்திலேயே இருந்தது. திரும்பி வந்தால் கேட்டில் பூட்டு. பலகையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, கால் மணி நேரம் கழித்துப் பிக்கப் வண்டியில் ஒருவர் வந்தார். திட்டவில்லை. பலகையை டார்ச் அடித்துக் காட்டினார், அவ்வளவுதான். அது திட்டுவதைவிட மோசம்.

திரும்ப ஏறும்போது

கிளம்புமுன் ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். காரின் கூரைமேல் வைத்த ஃப்ளாஸ்க், புல்லில் விட்ட ஸ்பூன், டயருக்குப் பக்கத்தில் குழந்தையின் ஒற்றை ஷூ. சாட்நாவில் போக வேண்டிய இடத்தைத் திரும்பவும் போடுங்கள், பூங்காவோடு பழைய வழி முடிந்திருக்கும். முக்கியமாக, ஜங்ஷன் ரவுண்டபவுட்டில் வடக்கா தெற்கா என்று பலகையில் பார்த்து ஏறுங்கள். எந்தத் திசையில் வந்தோம் என்பது அரை மணி நேர நடையில் மறந்துபோகும். மில்டன் கீன்ஸில் ஒரு தடவை நான் காற்று வாங்கிய மயக்கத்தில் தெற்குப் பாதையில் ஏறிவிட்டேன். முன்சீட்டில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் லண்டன் என்று வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டா, வீட்ல எதையும் மறந்து வச்சிட்டு வந்துட்டியா?"